மலிவு விலை பிட்காயின் மைனிங் இயந்திரம்: வாங்கலாமா, வேண்டாமா? மின்மீட்டர் சொல்லும் கணக்கு

சாந்த்ராகாச்சி: வீட்டின் ஒரு மூலையில் பெட்டி ஒன்றைச் செருகி வைத்தால் இரவும் பகலும் பிட்காயின் சேரும் என்ற விளம்பரங்கள் சமூக ஊடகங்களில் தொடர்ந்து வலம் வருகின்றன. புதிய இயந்திரத்தின் விலை லட்சங்களில் இருக்க, பழைய மாதிரிகள் அதில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கின்றன. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்கு இந்த விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. சேமிப்பை எடுத்தோ, தவணைக் கடன் பெற்றோ வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போட்ட பணம் திரும்ப வருமா?

இக்கேள்விக்கான விடை இயந்திரத்தின் விலையில் இல்லை. அதை எந்த ஊரில், எந்த மின் இணைப்பில் இயக்குகிறோம் என்பதில் இருக்கிறது. எனவே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு கணக்கிடுவதே தெளிவாக இருக்கும். சென்னை சென்ட்ரலுக்கு வந்து செல்லும் விரைவு ரயில்களின் பெயர்ப்பலகையால் தமிழர்களுக்கு அறிமுகமான சாந்த்ராகாச்சியை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா பகுதியில் அமைந்த ரயில்வே சந்திப்பு இது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் ஏரிக்கும் பெயர் பெற்றது. இங்குள்ள ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டில் மைனிங் இயந்திரம் ஓடினால் என்ன ஆகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதே கணக்கை வாசகர்கள் தங்கள் ஊருக்கும் போட்டுப் பார்க்கலாம்.

இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது?

பிட்காயின் வலையமைப்பில் சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை, பரிவர்த்தனைகளின் தொகுப்பு ஒன்று பதிவேட்டில் சேர்க்கப்படுகிறது. இதற்குப் பிளாக் என்று பெயர். ஒவ்வொரு பிளாக்கையும் சேர்க்கும் உரிமைக்காக உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் ஒரு கணிதப் புதிரின் விடையை ஊகித்துப் போட்டியிடுகின்றன. முதலில் விடை காண்பவருக்குப் புதிய பிட்காயின் வெகுமதியாகக் கிடைக்கும். இதுவே மைனிங் எனப்படுகிறது.

புதிரைக் குறுக்கு வழியில் தீர்க்க முடியாது. கோடிக்கணக்கான முறை ஊகித்துப் பார்ப்பது ஒன்றே வழி. ஒரு நொடியில் எத்தனை முறை ஊகிக்கிறது என்பதே இயந்திரத்தின் திறன். ஒரு டெராஹாஷ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஊகங்கள். தொடக்க ஆண்டுகளில் வீட்டுக் கணினியே இதற்குப் போதுமானதாக இருந்தது. இன்று இந்த ஒரு வேலைக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்ட ஏசிக் வகைச் சிப்புகள் களத்தை முழுமையாகக் கைப்பற்றிவிட்டன. இவற்றால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது.

வெகுமதி நிலையானதல்ல. தொடக்கத்தில் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் வழங்கப்பட்டது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது பாதியாகும். 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 பிட்காயினாக ஆனது. அடுத்த குறைப்பு 2028-ல் எதிர்பார்க்கப்படுகிறது.

போட்டியாளர்கள் பெருகினால் பிளாக்குகள் விரைவாகக் கிடைக்குமா என்றால், இல்லை. ஒவ்வொரு 2,016 பிளாக்குகளுக்கும் ஒரு முறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதிரின் கடினத்தன்மை தானாகவே மாற்றியமைக்கப்படுகிறது. பந்திக்கு எத்தனை பேர் வந்தாலும் சமைத்த சோறு கூடாது. ஆளுக்குக் கிடைக்கும் பங்குதான் குறையும்.

ஒரு டெராஹாஷின் நாள் வருமானம்

கணக்குக்காக மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பிட்காயின் விலை ரூ.80 லட்சம். உலக வலையமைப்பின் மொத்தத் திறன் ஒரு ஜெட்டாஹாஷ், அதாவது 100 கோடி டெராஹாஷ். 2025-ல் எட்டப்பட்ட அளவு இது. வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ரூ.8. பிட்காயின் விலையும் வலையமைப்பின் திறனும் நாள்தோறும் மாறுபவை. வாங்கும் நாளில் நிலவும் எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். கணக்கிடும் முறை மாறாது.

நாளொன்றுக்குச் சராசரியாக 144 பிளாக்குகள். பிளாக்குக்கு 3.125 வீதம் 450 பிட்காயின். அதன் மதிப்பு ரூ.360 கோடி. இதனை 100 கோடி டெராஹாஷுக்குப் பங்கிட்டால், ஒரு டெராஹாஷின் பங்கு நாளொன்றுக்கு ரூ.3.60. பரிவர்த்தனைக் கட்டணம் என்ற வகையில் இத்துடன் சிறிது சேரும். தனி இயந்திரங்கள் கூட்டாகச் சேர்ந்து உழைக்கும் 'பூல்' அமைப்புகள் தம் கட்டணமாகச் சிறிது கழித்துக்கொள்ளும். ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடு செய்வதால் இரண்டையும் இங்கு விட்டுவிடலாம்.

மூன்று இயந்திரங்கள், ஒரே மீட்டர்

பெய்ஜிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பிட்மெயின் நிறுவனத்தின் ஆன்ட்மைனர் வரிசையில் மூன்று தலைமுறைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, 2016-ல் வெளியான எஸ்9. மலிவுச் சந்தையில் பரவலாக அறியப்பட்ட மாதிரி இது. திறன் சுமார் 13.5 டெராஹாஷ், மின் நுகர்வு சுமார் 1,350 வாட். நாள் வருமானம் ரூ.48.60. நாளொன்றுக்கு 32.4 யூனிட் மின்சாரம் எடுப்பதால் செலவு ரூ.259. நாள்தோறும் ரூ.210 நட்டம். மாதக் கணக்கில் ரூ.1,458 சம்பாதிக்க ரூ.7,776 மின்கட்டணம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, 2020-ல் வந்த எஸ்19. திறன் 95 டெராஹாஷ்; நுகர்வு 3,250 வாட். நாள் வருமானம் ரூ.342. மின்செலவு 78 யூனிட்டுக்கு ரூ.624. நட்டம் ரூ.282. இயந்திரத்தின் திறன் ஏழு மடங்கு கூடியிருந்தும், நாள் நட்டம் எஸ்9-ஐ விட அதிகம்.

மூன்றாவது, 2023-ல் அறிவிக்கப்பட்ட எஸ்21. திறன் 200 டெராஹாஷ். நுகர்வு 3,500 வாட். நாள் வருமானம் ரூ.720. மின்செலவு 84 யூனிட்டுக்கு ரூ.672. மிச்சம் ரூ.48. இது மலிவு இயந்திரம் அல்ல என்பதையும், வருமான வரி இன்னும் கணக்கில் வரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் இரண்டும் இலவசமாகவே கிடைத்தாலும் நட்டம்தான் என்பதே இந்த ஒப்பீடு சொல்லும் செய்தி. விற்பவரிடம் பேரம் பேசி விலையைக் குறைப்பதால் நாள் நட்டம் ஒரு ரூபாய் கூடக் குறையாது.

எளிய விதி: 150-ஐ வகுத்துப் பாருங்கள்

எந்த இயந்திரத்தின் விளம்பரத்தைப் பார்த்தாலும், அதன் வாட் அளவை டெராஹாஷ் அளவால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண் ஒரு டெராஹாஷுக்கு எத்தனை ஜூல் ஆற்றல் செலவாகிறது என்பதைக் காட்டும். எஸ்9-க்கு 100, எஸ்19-க்கு சுமார் 34, எஸ்21-க்கு 17.5.

மேலே எடுத்துக்கொண்ட விலை நிலவரத்தில், 150-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த இயந்திரம் தாங்கக்கூடிய அதிகபட்ச மின்சார விலை கிடைக்கும். எஸ்9-க்கு யூனிட்டுக்கு ரூ.1.50. எஸ்19-க்கு சுமார் ரூ.4.40. எஸ்21-க்கு சுமார் ரூ.8.57. உங்கள் யூனிட் விலை அந்த எண்ணைத் தாண்டினால், இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

இந்த 150 எங்கிருந்து வருகிறது? ஒரு டெராஹாஷின் நாள் வருமானமான ரூ.3.60-ஐ 0.024-ஆல் வகுத்தால் 150. பிட்காயின் விலை இரட்டிப்பானால் இது 300 ஆகும். உலக வலையமைப்பின் திறன் இரட்டிப்பானால் 75 ஆகும். 2028-ல் வெகுமதி பாதியாகும்போது, மற்றவை மாறாதிருந்தால் அப்போதும் 75 ஆகும்.

மலிவாக விற்கப்படுவது ஏன்?

மைனிங் இயந்திரங்கள் பழுதாவதற்கு முன்பே பயனற்றுப் போகின்றன. 2020 தொடக்கத்தில் உலக வலையமைப்பின் திறன் சுமார் 100 எக்ஸாஹாஷ். ஐந்தாண்டுகளில் அது பத்து மடங்கானது. இதே காலத்தில் வெகுமதி இரு முறை பாதியாகி, நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆக, 2020 தொடக்கத்தில் ஒரு டெராஹாஷ் ஈட்டிய பிட்காயினில் நாற்பதில் ஒரு பங்கைத்தான் அதே டெராஹாஷ் இன்று ஈட்டுகிறது. பிட்காயினின் விலை உயர்வு இந்தச் சரிவை முழுமையாக ஈடு செய்யவில்லை.

பழைய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் அதை விற்கிறார் என்றால், அவருடைய மின்கட்டணத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். பெரிய மைனிங் நிலையங்கள் மொத்த விலையில், வீட்டு உபயோகக் கட்டணத்தைவிட மிகக் குறைவாக மின்சாரம் பெறுகின்றன. அவர்களுக்கே கட்டுப்படியாகாத இயந்திரம், அதைவிடக் கூடுதல் கட்டணம் செலுத்தும் வீட்டுக்கு வந்து சேர்கிறது. மலிவு விலை என்பது தள்ளுபடி அன்று. இனி நீங்கள் செலுத்தப்போகும் மின்கட்டணத்தின் முன்னறிவிப்பு.

எல்லைக்கு அப்பால் பூட்டான்

இதே மேற்கு வங்கத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகிறது. பூட்டான் அரசின் முதலீட்டு நிறுவனமான ட்ரக் ஹோல்டிங் நீர்மின்சாரத்தைக் கொண்டு பிட்காயின் மைனிங்கில் ஈடுபட்டு வருவது 2023-ல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதே ஆண்டில் பிட்டீர் நிறுவனத்துடன் கைகோத்து, கெது என்ற ஊரில் 100 மெகாவாட் நிலையம் அமைக்கப்பட்டது. மேற்கு வங்கத்தின் ஜெய்காவ் நகரை ஒட்டிய பூந்த்ஷோலிங்கிலிருந்து திம்பு செல்லும் சாலையில் அமைந்த ஊர் அது.

பூட்டானின் ஆறுகளில் மழைக்காலத்தில் உபரி மின்சாரம் உற்பத்தியாகிறது. மலைப்பகுதியின் குளிர்ந்த காற்று இயந்திரங்களின் வெப்பத்தைத் தணிக்கிறது. மின்சாரத்தை உற்பத்தி செய்பவரும் இயந்திரத்தை இயக்குபவரும் ஒரே அரசின் நிறுவனங்கள். சாந்த்ராகாச்சியின் அடுக்குமாடி வீட்டில் இந்த மூன்றும் இல்லை. பூட்டானில் லாபம் ஈட்டக்கூடிய அதே இயந்திரம் இங்கே நட்டம் தருவதற்கு இதுவே காரணம்.

கவனிக்க வேண்டியது கடைசி அடுக்கின் விலை

மின்கட்டணத்தைக் கணக்கிடும்போது பலர் செய்யும் பிழை, சராசரி யூனிட் விலையை எடுத்துக்கொள்வது. மேற்கு வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும் அடுக்குமுறை நடைமுறையில் உள்ளது. விளக்கும் மின்விசிறியும் கீழ் அடுக்குகளை ஏற்கெனவே நிரப்பிவிடுகின்றன. புதிதாக வரும் மைனிங் இயந்திரத்தின் யூனிட்டுகள் மேல் அடுக்குகளில்தான் சேரும்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். எஸ்9 இயந்திரம் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 1,944 யூனிட் எடுக்கும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில் 1,000 யூனிட்டுக்கு மேற்பட்ட அடுக்கின் விலை யூனிட்டுக்கு ரூ.11.80. இயந்திரத்தின் யூனிட்டுகளில் பெரும்பகுதி அங்கேதான் விழும். எஸ்21 தாங்கக்கூடிய ரூ.8.57 என்ற எல்லையையும் இது கடந்துவிடுகிறது. தவிர, வீட்டு இணைப்பில் வருமானம் ஈட்டும் தொழில் நடப்பதாகக் கருதப்பட்டால், இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாற்றப்படும் வாய்ப்பும் உண்டு.

கூரையில் சூரியத் தகடு பொருத்தினால் மின்சாரம் இலவசம்தானே என்ற கேள்வி எழலாம். மூன்று கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் அளவில் தரும். எஸ்9 கேட்பது 32.4 யூனிட். மேலும், தகடு தரும் ஒவ்வொரு யூனிட்டும் வீட்டின் மின்கட்டணத்தில் ரூ.8-ஐ மிச்சப்படுத்தக் கூடியது. அதை எஸ்9-க்குக் கொடுத்து ரூ.1.50 ஈட்டுவது, எட்டு ரூபாய்ப் பொருளை ஒன்றரை ரூபாய்க்கு விற்பதற்குச் சமம்.

மீட்டரைத் தொடாமல் மின்சாரம் எடுப்பது திருட்டு. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் உள்ள மிரி நகரில், மின்திருட்டு வழக்குகளில் கைப்பற்றப்பட்ட 1,069 மைனிங் இயந்திரங்கள் 2021 ஜூலையில் சாலை உருளை ஏற்றி நொறுக்கப்பட்டன.

வெப்பம், ஒலி, வயரிங்

மைனிங் இயந்திரம் எடுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறும். எஸ்9 என்பது அணையாமல் எரியும் ஒரு ரூம் ஹீட்டர். எஸ்19 மூன்று ஹீட்டர்களுக்குச் சமம். குளிர்நாடுகளில் இந்த வெப்பத்தால் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள முடியும். அங்கே அது ஒரு பயன். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் கங்கைச் சமவெளியில் அது ஒரு சுமை. எஸ்9 இயங்குவதற்கான வெப்பநிலை வரம்பே 40 டிகிரிதான். குளிர்சாதனம் வைத்தால் அதற்கும் மின்கட்டணம் சேரும். மழைக்கால ஈரப்பதமும் தூசியும் சிப்புகளின் இணைப்புகளை அரிக்கும்.

எஸ்19 வகை இயந்திரத்தின் ஒலி அளவு 75 டெசிபல் என்று உற்பத்தியாளரே குறிப்பிடுகிறார். குடியிருப்புப் பகுதிகளில் இந்திய விதிகள் அனுமதிக்கும் அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதையும் சிந்திக்க வேண்டும்.

எஸ்19 தொடர்ந்து 14 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் எடுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டின் எல்லையை ஒட்டி, 24 மணி நேரமும் நீடிக்கும் சுமை இது. பழைய வயரிங் உள்ள கட்டடங்களில் இது தீ விபத்துக்கு வழிவகுக்கலாம். அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்துவதும் தனி வயர் இழுப்பதும் கூடுதல் செலவுகள்.

வரி: லாபம் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியது

இந்தியாவில் கிரிப்டோ மைனிங்கைத் தடை செய்யும் தனிச் சட்டம் இல்லை. முறைப்படுத்தும் தனிச் சட்டமும் இல்லை. ஆனால் வரி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை விற்றுக் கிடைக்கும் வருமானத்துக்கு 30 சதவீத வரியும் அதன் மீது 4 சதவீத செஸ் வரியும் விதிக்கப்படுகின்றன. 2022 ஜூலை 1 முதல், குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றங்களில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. ஒரு சொத்தில் ஏற்பட்ட நட்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

மைனிங் செய்பவர்களுக்கு முக்கியமானது வேறொன்று. விற்பனைத் தொகையிலிருந்து, அந்தச் சொத்தை வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. மைனிங்குக்கான உள்கட்டமைப்புச் செலவு அந்த விலையாகக் கருதப்படாது என்று மத்திய நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி 2022 மார்ச்சில் மக்களவையில் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தார். எனவே எச்சரிக்கையாகக் கணக்கிடுபவர், எந்தச் செலவையும் கழிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தம் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் கேட்டறிவது நல்லது.

இந்த அடிப்படையில் எஸ்21-ஐ மீண்டும் பார்ப்போம். நாள் வருமானம் ரூ.720. அதற்கான வரி 31.2 சதவீதம், அதாவது சுமார் ரூ.225. மின்கட்டணம் போக மிஞ்சிய ரூ.48, வரிக்குப் பின் ரூ.177 நட்டமாக மாறுகிறது. புத்தம் புதிய இயந்திரத்துக்கே நிலைமை இதுதான்.

விலை ஏறும் என்று காத்திருக்கலாமா?

இன்று நட்டமானாலும், சேர்ந்த பிட்காயின் நாளை பல மடங்கு ஏறும் என்பது விற்பவர்கள் அடிக்கடி முன்வைக்கும் வாதம். இதைச் சோதிக்க ஓர் எளிய ஒப்பீடு போதும்.

ஒரு பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு சதோஷி எனப்படும். எஸ்9 ஒரு மாதத்தில் ஈட்டுவது சுமார் 18,225 சதோஷி. அந்த மாத மின்கட்டணமான ரூ.7,776-க்கு நேரடியாகச் சந்தையில் கிடைப்பது சுமார் 97,200 சதோஷி. அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். பிட்காயின் விலை ஏறினாலும் இறங்கினாலும், மின்கட்டணம் செலுத்தி மைனிங் செய்தவரிடம் இருப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. பிட்காயினை வாங்குவது சரியா, தவறா என்பது வேறு கேள்வி; அதன் விலை பெரும் ஏற்ற இறக்கங்களுக்கு உட்பட்டது. ஆனால் விலை ஏறும் என்ற நம்பிக்கை, நட்டத்தில் ஓடும் இயந்திரத்தை வாங்குவதற்கான காரணம் ஆகாது.

வேறு நாணயம், வேறு இயந்திரம்?

பிட்காயின் கைகொடுக்காவிட்டால் வேறு நாணயங்களை மைனிங் செய்யலாம் என்று சிலர் கூறுவர். ஏசிக் இயந்திரம் ஒரு குறிப்பிட்ட கணித முறைக்கு மட்டுமே பயன்படும். அந்த நாணயம் வீழ்ந்தால் இயந்திரமும் வீழும்.

எத்தேரியம் இதற்குச் சான்று. பிட்மெயின் தனது இ9 இயந்திரத்தை 2022 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தேரியம் மைனிங் முறையையே கைவிட்டது. அந்த இயந்திரங்களும், அதுவரை எத்தேரியத்துக்கு உழைத்த கிராபிக்ஸ் கார்டுகளும், வருமானம் மிகக் குறைந்த சிறு நாணயங்களைத் தேடிச் செல்ல நேர்ந்தது. தனி இயந்திரங்கள் தயாரிக்கப்பட்ட மற்றொரு நாணயமான கடேனாவின் பின்னணி நிறுவனம், 2025 அக்டோபரில் தன் செயல்பாடுகளை நிறுத்துவதாக அறிவித்தது.

கையடக்க இயந்திரங்கள்: லாட்டரிச் சீட்டு

அண்மைக் காலத்தில் பிட்டாக்ஸ் போன்ற சிறிய திறந்தமூல இயந்திரங்கள் பிரபலமாகியுள்ளன. சுமார் 1.2 டெராஹாஷ் திறனும் 17 வாட் நுகர்வும் கொண்ட மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டால், நாள் வருமானம் ரூ.4.32, மின்செலவு ரூ.3.26. வரிக்கு முன் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் மிஞ்சும். இயந்திரத்தின் விலை ரூ.10,000 என்று வைத்தால், முதல் திரும்ப 25 ஆண்டுகளுக்கு மேலாகும்.

பூலில் சேராமல் தனியாக இயக்கி, முழு வெகுமதியையும் வெல்லலாம் என்று இதை வாங்குபவர்களும் உண்டு. ஓர் ஆண்டில் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 15,800-இல் ஒன்று. மின்னணுவியல் ஆர்வலருக்கும், பிட்காயின் இயங்கும் விதத்தைக் கற்க விரும்பும் மாணவருக்கும் இது ஒரு நல்ல கற்றல் கருவி. அந்தச் செலவைக் கல்விச் செலவாகக் கருதினால் குறையில்லை. முதலீடாகக் கருதினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இயந்திரமே இல்லாத மைனிங்

மின்கட்டணமும் வேண்டாம், சத்தமும் வேண்டாம், உங்கள் பெயரில் நாங்களே இயந்திரத்தை இயக்குகிறோம் என்று அழைக்கும் திட்டங்களே மிகவும் ஆபத்தானவை. மைனிங் இயந்திரங்களில் முதலீடு என்ற பெயரில் எச்பிஇசட் டோக்கன் என்ற செயலி பொதுமக்களிடம் பணம் திரட்டியதாக அமலாக்கத் துறை வழக்குத் தொடர்ந்துள்ளது. நாகாலாந்தின் கோஹிமா சைபர் குற்றக் காவல் நிலைய வழக்கிலிருந்து தொடங்கிய விசாரணை இது. ரூ.57,000 செலுத்தினால் மூன்று மாதங்களுக்கு நாள்தோறும் ரூ.4,000 தருவதாக வாக்களித்து, ஒரே ஒரு முறை மட்டுமே பணம் கொடுக்கப்பட்டதாக அமலாக்கத் துறை கூறியது.

மேலே கண்ட கணக்கு இந்த வாக்குறுதியை ஒரு நிமிடத்தில் அம்பலப்படுத்திவிடும். டெராஹாஷுக்கு ரூ.3.60 என்ற அளவில், நாளொன்றுக்கு ரூ.4,000 ஈட்ட 1,100 டெராஹாஷுக்கு மேல் வேண்டும். அதாவது ஐந்துக்கும் மேற்பட்ட எஸ்21 இயந்திரங்கள். அதுவும் மின்கட்டணம் இல்லாமல்.

2015-ல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்களுக்கு வருமானம் தருவதாக ஈர்த்தது. நாடெங்கும் பதிவான அந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் சிபிஐ-யிடம் ஒப்படைத்தது. 2025 பிப்ரவரியில் 60-க்கும் மேற்பட்ட இடங்களில் சிபிஐ சோதனை நடத்தியது. மைனிங் வருமானம் நாள்தோறும் மாறுவது. மாறாத மாத வருமானம் தருவதாகச் சொல்வதே மோசடிக்கான முதல் அடையாளம். ஏமாற்றப்பட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அப்படியும் வாங்க விரும்புவோர் கவனத்துக்கு

கற்றலுக்காகவோ, மிகக் குறைந்த விலையில் மின்சாரம் கிடைக்கும் இடத்தில் இயக்குவதற்காகவோ பழைய இயந்திரம் வாங்குபவர்கள் பின்வருவனவற்றைச் சரிபார்க்கலாம்.

- இயந்திரத்தைக் குறைந்தது 24 மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதன் திரையில் தெரியும் டெராஹாஷ் எண்ணை நம்பாமல், உங்கள் பெயரில் திறந்த பூல் கணக்கில் பதிவாகும் சராசரியைப் பார்க்க வேண்டும்.

- மின் நுகர்வைத் தனி வாட் மீட்டர் கொண்டு அளக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் குறிப்பிட்ட அளவைவிடக் கூடுதலாக எடுக்கலாம்.

- எஸ்9-இல் மூன்று ஹாஷ் போர்டுகளும், போர்டுக்கு 63 வீதம் 189 சிப்புகளும் உள்ளன. ஒரு போர்டு செயலிழந்தாலும் மூன்றில் ஒரு பங்கு திறன் போய்விடும். எல்லாப் போர்டுகளும் சிப்புகளும் கணக்கில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

- பழைய மென்பொருளை நீக்கி, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து புதிதாக நிறுவ வேண்டும். ஈட்டும் தொகையின் ஒரு பகுதியை வேறொருவரின் கணக்குக்கு அனுப்பும் மென்பொருள் உள்ளே மறைந்திருக்கலாம்.

- மின்வழங்கிப் பெட்டி விலையில் அடங்குமா, வெளிநாட்டிலிருந்து வருவதாயின் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெற வேண்டும். ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது.

- பிட்காயினை விற்ற விவரங்களை வருமான வரிக் கணக்கில் மெய்நிகர் சொத்துகளுக்கான பகுதியில் காட்ட வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைசியாக வந்த மின்கட்டண ரசீதை எடுத்து, மேல் அடுக்கின் யூனிட் விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள வாட் அளவை டெராஹாஷ் அளவால் வகுத்து, 150-ஐ அந்த விடையால் மீண்டும் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் தொகை ரசீதில் உள்ள விலையைவிடக் குறைவாக இருந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அந்த இயந்திரம் உங்கள் வீட்டுக்கு விலை அதிகம்தான்.